குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதா? பம்ப் வாங்குவதற்கு முன் ஒரு முறை மாடி ஏறிப் பாருங்கள்

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அங்கே குடியிருக்கும் பெண் ஒருநாள் காலையில் இறங்கி வந்து, "அண்ணா, வாளி நிறையறதுக்குள்ள எனக்கு பஸ் போயிடுது" என்றார். போய்ப் பார்த்தேன். 15 லிட்டர் வாளி நிறைய ஏழு நிமிடம். அதே நேரம் கீழ் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வெளுத்து வாங்குகிறது.

பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் பாத்ரூம் குழாயை ஒரு தடவை திறந்து மூடினார். "பிரஷர் பம்ப் போட்டுடலாம் சார், வேற வழியில்ல. எல்லாம் சேர்த்துப் பதினஞ்சு ஆகும்" என்றார். பதினைந்தாயிரம். மொட்டை மாடிப் பக்கம் அவர் எட்டியே பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு வாளி, ஒரு ஸ்பேனர், கைபேசி ஸ்டாப்வாட்ச் ஆகியவற்றோடு வீட்டையே சுற்றி வந்தேன். கடைசியில் ஆன செலவு சில நூறு ரூபாய். அன்று பார்த்ததையும், அதற்குப் பிறகு நண்பர்கள் வீடுகளில் பார்த்ததையும் வரிசையாகச் சொல்கிறேன். குழாய் முனையிலிருந்து தொட்டி வரை பின்னோக்கிப் போவதுதான் வரிசை. செலவில்லாதது முதலில், காசு பிடிப்பது கடைசியில்.

அழுத்தம் வேறு, வரத்து வேறு

நாம் எல்லாவற்றையும் "பிரஷர் இல்லை" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் வீட்டில் அழுத்தம் என்பது உயரம்தான். தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் உங்கள் குழாய் வாய்க்கும் இடையில் 10 மீட்டர் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம். ஷவர் டப்பாவில் 1 பார் என்று போட்டிருப்பதும் கிட்டத்தட்ட இதே அளவுதான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு ஒரு கணக்குப் போடுங்கள். கூரை உயரம் பத்தடி, ஷவர் ஏழடியில் இருக்கிறது, கான்கிரீட் அரையடி, தொட்டி நிற்கும் மேடை இரண்டடி. ஆக ஷவருக்கும் தொட்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி ஐந்தரை அடி. தொட்டி நிறைய இருந்தால் இன்னொரு மூன்றடி சேரும். மொத்தம் எட்டரை அடி, அதாவது 2.6 மீட்டர். அழுத்தம் 0.26 கிலோ, அவ்வளவுதான். ஒரு மாடி கீழே இறங்கினால் இன்னும் பத்தரை அடி கூடி, 0.58 கிலோ ஆகிவிடும். மேல் மாடியில் தண்ணீர் மெதுவாக வருவதற்கு யாரும் காரணமில்லை, பூமியின் ஈர்ப்பு விசைதான் காரணம்.

ஆனால் இந்த 0.26 கிலோவை வைத்துக்கொண்டே ஒரு வாளியை இரண்டு நிமிடத்தில் நிரப்ப முடியும், வழியில் அடைப்பு இல்லாவிட்டால். ஏழு நிமிடம் ஆகிறது என்றால் உயரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வழியில் எங்கோ தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. அழுத்தம் இருக்கிறது, வரத்துதான் இல்லை. இந்த வித்தியாசம் புரியாமல் பம்ப் வாங்கினால், அடைத்த வழியில் மோட்டார் வைத்துத் தள்ளுவது போலாகிவிடும்.

வாளியும் ஸ்டாப்வாட்சும்

தொட்டியை முழுக்க நிரப்பிவிட்டு ஆரம்பியுங்கள். பாதித் தொட்டியில் அளந்தால் மேல் மாடிக் கணக்கு தப்பாகும். லிட்டர் அளவு தெரிந்த வாளியை எடுத்து, வீட்டில் வாளி வைக்க முடிகிற ஒவ்வொரு குழாயிலும் எத்தனை நொடியில் நிறைகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அப்போது வேறு எந்தக் குழாயும் திறந்திருக்கக் கூடாது, வாஷிங் மெஷினும் ஓடக் கூடாது.

15 லிட்டர் வாளி ஒன்றிலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் நிறைந்தால் அந்தக் குழாயைப் பற்றிக் கவலை வேண்டாம். மூன்று நிமிடம் தாண்டினால் பார்க்க வேண்டும். வாஷ்பேசின் குழாயில் இயல்பாகவே வரத்து குறைவாகத்தான் இருக்கும், அதை பாத்ரூம் குழாயோடு ஒப்பிடாதீர்கள்.

தாளைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறைவு என்றால் கோளாறு அந்தக் குழாயிலேயே இருக்கிறது. சுடுதண்ணீர் மட்டும் குறைவு என்றால் கீசர் பக்கம். ஒரு மாடி முழுக்க என்றால் அந்த மாடிக்கு இறங்கும் லைன். வீடு முழுக்க என்றால் தொட்டி வாய். காலை ஆறு மணிக்கு மட்டும் குறைவு, மதியம் சரியாக வருகிறது என்றால் ஒரே லைனில் பல பேர் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள், அது அடைப்பு அல்ல. இன்னொரு கேள்வியும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே நாளில் குறைந்ததா, வருடக்கணக்கில் மெல்லக் குறைந்ததா? திடீரென்று என்றால் வால்வு, காற்று, குப்பை. மெல்ல மெல்ல என்றால் உப்பு அல்லது துரு.

என் தாளில் கீழ் வீடு முழுக்க நன்றாக இருந்தது. மாடியில் நான்கு குழாய்களும் ஒன்றுபோல மோசம். அதோடு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மாடிக் குழாயைத் திறந்தவுடன் ஒன்றிரண்டு நொடிக்குத் தண்ணீர் நன்றாகப் பாய்கிறது, அப்புறம் சட்டென்று மெலிந்து நூலாகிறது. மூடி, ஒரு நிமிடம் விட்டுத் திறந்தால் மறுபடி அதே கதை. இதற்கு என்ன அர்த்தம் என்று மொட்டை மாடிக்குப் போகும்போது சொல்கிறேன்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் என்றால்

முதலில் குழாய் முனையில் இருக்கும் ஏரேட்டரைக் கழற்றுங்கள். தண்ணீரை நுரைபோல் விழச் செய்யும் அந்தச் சின்ன வலைதான். கையால் திருகினாலே பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் துணியைச் சுற்றி ஸ்பேனரால் மெதுவாகத் திருப்புங்கள். துணி இல்லாமல் பிடித்தால் பளபளப்பு போய்விடும். உள்ளே பார்த்தால் மணல், சிமென்ட் துகள், வெள்ளை டேப் நூல், போர் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு போல உப்புப் படிவு. ஏரேட்டர் இல்லாமல் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் பாய்ந்தால் வேலை முடிந்தது. வலையை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் புதிதாகிவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தொடவே கூடாது. உப்பும் போகும், முலாமும் போகும்.

ஷவரும் இதே கதைதான். ரப்பர் முனைகள் இருந்தால் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்தாலே உப்பு உதிரும். இல்லையென்றால் தலையைக் கழற்றி வினிகரில் போடுங்கள். கழற்றிய கையோடு வெறும் பைப்பில் தண்ணீர் எப்படி வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். பெரிய தட்டு மாதிரி இருக்கும் மழை ஷவரை மேல் மாடியில் மாட்டியிருந்தால், அதில் கோளாறு எதுவும் இல்லாமலே தண்ணீர் ஒழுகத்தான் செய்யும். அதன் டப்பாவில் எத்தனை பார் வேண்டும் என்று போட்டிருக்கும். 1 பார் என்று இருந்தால் அது கேட்பது 10 மீட்டர் உயரம். நம்மிடம் இருப்பது 2.6. கடையில் காட்டும்போது பம்ப் வைத்துக் காட்டுவார்கள். மேல் மாடிக்குச் சின்னத் தலை ஷவர்தான் சரி.

ஏரேட்டர் சுத்தமாக இருந்தும் வரத்து இல்லையா? பேசினுக்குக் கீழே சுவரிலிருந்து வரும் ஆங்கிள் காக்கைப் பாருங்கள், அந்தக் குழாய்க்குப் போகும் தண்ணீரை மட்டும் மூடித் திறக்கும் சின்ன வால்வு அது. யாராவது பாதி மூடி வைத்திருக்கலாம். வீட்டில் வேலை நடந்தபோது மூடியவர் முழுக்கத் திறக்காமல் போயிருப்பார், இது அடிக்கடி நடப்பது. முழுக்கத் திறந்திருந்தும் சரியில்லை என்றால் அதை மூடிவிட்டு, அதிலிருந்து குழாய்க்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். ஆங்கிள் காக் வாயில் வாளியைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திறந்து பாருங்கள். தண்ணீர் சீறினால் கோளாறு ஹோஸிலோ குழாயிலோ இருக்கிறது. அங்கேயே நூலாக வந்தால் ஆங்கிள் காக்கோ சுவருக்குள் போகும் பைப்போ அடைத்திருக்கிறது. எந்த இடத்திலும் இதுதான் உத்தி: நடுவில் ஒரு இணைப்பைக் கழற்றினால், முன்னாலா பின்னாலா என்று அதுவே சொல்லிவிடும்.

சில ஹோஸ்களின் வாஷரோடு ஒரு வலை ஒட்டியிருக்கும். மணல் முழுக்க அங்கேதான் தங்கும். கழிப்பறைத் தொட்டி மெதுவாக நிறைவதற்கும் அதன் நுழைவாயில் வலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளிக்குழாய்களில் உள்ளே இருக்கும் ரப்பர் கழன்று வழியை அடைப்பதும் உண்டு. அது பத்து ரூபாய் வேலை.

சுடுதண்ணீர் மட்டும் குறைவு என்றால்

கீசரின் சுவிட்சை மட்டுமல்ல, மின்பலகையில் அதற்கென்று இருக்கும் எம்.சி.பி. சுவிட்சையும் அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள்.

கீசருக்குப் பச்சைத் தண்ணீர் நுழையும் இடத்தில் ஒரு வால்வு இருக்கும். தண்ணீரைத் திரும்பிப் போக விடாத வால்வும், அழுத்தம் மிஞ்சினால் வெளியேற்றும் வால்வும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் உப்பு முதலில் பிடிப்பது இங்கேதான். அடுத்து இரண்டு ஹோஸ்கள். வெளியே பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும், கழற்றி வெளிச்சத்தில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் துளை பேனா ரீஃபில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மாற்றிவிடுங்கள், சுத்தம் செய்ய மெனக்கெடாதீர்கள். வால்வையும் உப்பு பிடித்திருந்தால் புதிது போடுங்கள். ஆனால் அது இல்லாமல் வெறும் நிப்பிள் (இரு முனையிலும் மரை உள்ள சின்னப் பைப் துண்டு) போட்டு இணைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீசர் வெடிக்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. அதிலிருந்து அவ்வப்போது சொட்டும் தண்ணீரையும் அடைக்கக் கூடாது.

இத்தனையும் சரியாக இருந்தும் சுடுதண்ணீர் வரவில்லை என்றால் அந்த லைனில் காற்று நிற்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மொட்டை மாடிக்குப் போகலாம்

மாடி முழுக்க, அல்லது வீடு முழுக்கக் குறைவு என்றால் பாத்ரூமில் நின்று குழாயைத் திருகிக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஏணி ஈரமில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

தொட்டி மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். வெளியேறும் வாய் தரையிலிருந்து கொஞ்சம் மேலே இருக்கும், அந்த அளவுக்கு வண்டல் தங்கலாம் என்பதற்காக. வண்டல் வாய் மட்டத்துக்கு வந்துவிட்டால் அது பைப்புக்குள் இறங்க ஆரம்பித்துவிடும். தொட்டி கழுவும்போது செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு: வெளிவாய் வால்வை மூடாமல் தேய்ப்பது. அத்தனை சேறும் நேராக உங்கள் ஏரேட்டருக்கும் கீசருக்கும் போகும். வால்வை மூடி, தேய்த்து, அடியில் வடிகால் இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் மக்கால் மொண்டு வெளியே ஊற்றி, அப்புறம்தான் திறக்க வேண்டும். தொட்டி கழுவிய மறுநாள் வரத்து குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் வேறெதுவும் கேட்பதில்லை.

வழியில் வடிகட்டி மாட்டியிருந்தால் அதன் உள்ளே இருக்கும் பஞ்சு உருளையைப் பாருங்கள். மாட்டிய நாளோடு மறந்துபோன வீடுகளே அதிகம்.

இப்போது கேட் வால்வுக்கு வருகிறேன். எங்கள் தொட்டியிலிருந்து இறங்கும் பைப் மூன்றாகப் பிரிகிறது. கீழ் வீட்டுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, வெளிக்குழாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் வட்டக் கைப்பிடி கொண்ட பித்தளை கேட் வால்வு, வால்வைத் தாண்டியதும் மேல்நோக்கி நிற்கும் காற்றுப் பைப். மாடி லைன் வால்வைத் திருப்பினேன். சுற்றியது. இன்னும் சுற்றியது. இறுகவே இல்லை, இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது. நல்ல கேட் வால்வு என்றால் திறக்கும் பக்கம் சில சுற்றில் ஒரு இடத்தில் முட்டி நிற்கும். இது முட்டவில்லை.

கேட் வால்வுக்குள்ளே ஒரு தகடு இருக்கும். கைப்பிடியைச் சுற்றினால் தண்டு அதை மேலே தூக்கும். உப்புத் தண்ணீரில் தகட்டைப் பிடித்திருக்கும் கொக்கி அரித்துப்போனால், தண்டு மட்டும் சுற்றும், தகடு கீழேயே விழுந்து கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வால்வு திறந்திருப்பதாகத்தான் தோன்றும். விழுந்த தகட்டின் ஓரத்தில் கசிந்து வந்த தண்ணீரைத்தான் மாடியில் ஏழு நிமிடம் காத்திருந்து பிடித்திருக்கிறார்கள்.

குழாயைத் திறந்ததும் ஒன்றிரண்டு நொடி பாய்ந்ததே, அது என்ன என்றால், காற்றுப் பைப்பில் தொட்டி மட்டத்துக்கு நின்ற தண்ணீர். குழாய் மூடியிருக்கும்போது கசிவு மெல்ல அதை நிரப்பிவிடும். திறந்தால் அது முதலில் தீரும், அப்புறம் கசிவு மட்டும்தான். இந்த அறிகுறி இருந்தால் பிரிவின் தலையில், அதாவது காற்றுப் பைப்புக்கு முன்னால்தான் அடைப்பு என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

வால்வு மாற்றுவது

கையில் பழக்கம் இல்லாதவர்கள் இதை மட்டும் பிளம்பரிடம் கொடுங்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். முதல்நாள் இரவே மோட்டார் போடாமல் தொட்டியைக் கிட்டத்தட்டக் காலியாக விடுங்கள். குடிக்க, சமைக்க, கழிப்பறைக்கு என்று குடங்களில் பிடித்து வையுங்கள். இந்த ஒரு விஷயத்தை மறந்தால் வீட்டில் உங்களுக்குச் சோறு கிடையாது.

புதிதாகப் போடுவது கேட் வால்வு வேண்டாம், பால் வால்வு போடுங்கள். உள்ளே துளையிட்ட உருண்டை (ball) திரும்பி வழியை மூடித் திறக்கும் வால்வு அது. கைப்பிடி பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. தூரத்திலிருந்தே தெரியும். பைப்பின் அளவும் வால்வின் அளவும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் கடையில் இருக்கிறது என்று முக்கால் இஞ்ச் வால்வு போட்டுச் சுருக்கிவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு யூனியனும் சேர்த்துப் போட்டால் அடுத்த முறை பைப்பை அறுக்காமல் கழற்றலாம். மரையில் டெஃப்லான் டேப் சுற்றும்போது மரை முனை உங்களைப் பார்த்து இருக்கட்டும், கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் இறுக்கும்போது டேப் உருண்டு வெளியே வரும், துண்டுகள் பைப்புக்குள் போகும். பசை ஒட்டிய பி.வி.சி. இணைப்பில் டின்னில் எழுதியிருக்கும் நேரம்வரை தண்ணீர் விடாதீர்கள். மாதம் ஒருமுறை பால் வால்வை ஒரு தடவை மூடித் திறந்தால் உப்பு பிடித்து இறுகாது.

காற்றுப் பைப்பும் காற்று அடைப்பும்

தொட்டி முழுசாகக் காலியாகி, மறுபடி நிறைந்த பிறகு தண்ணீர் வராமல் "புஸ் புஸ்" என்று துப்பினால் ஏர் பிடித்திருக்கிறது. பைப் ஒரு இடத்தில் மேலே ஏறிக் கீழே இறங்கினால் அந்த வளைவில் காற்று உட்கார்ந்துகொள்ளும். மேல் மாடியின் குறைந்த அழுத்தத்தால் அதைத் தள்ள முடியாது. இதைத் தடுக்கத்தான் வால்வைத் தாண்டியதும் காற்றுப் பைப். அதன் வாய் தொட்டியின் அதிகபட்ச நீர்மட்டத்தைவிட உயரமாக, திறந்தே இருக்க வேண்டும். தண்ணீர் வழிகிறது என்று அதை மூடி போட்டு அடைத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். குளவி கூடு கட்டி அடைப்பதும் உண்டு. ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள், வாயில் கொசுவலைத் துணி கட்டுங்கள்.

காற்றை எடுக்க, தொட்டியை நிரப்பி, அந்த லைனில் மிகத் தாழ்வாக இருக்கும் குழாயை முழுக்கத் திறந்து விடுங்கள். அப்புறம் அடுத்தடுத்து மேலே உள்ளவை. பத்து நிமிடம் துப்பட்டும். சுடுதண்ணீர் லைனில் மட்டும் காற்று என்றால், கீசரை அணைத்துவிட்டு, மிக்ஸர் குழாயில் சூடு, பச்சை இரண்டையும் திறந்து வாயை உள்ளங்கையால் அடைத்துப் பிடியுங்கள். பச்சைத் தண்ணீர் எதிர்ப்பக்கம் ஏறிக் காற்றை நகர்த்தலாம். ஆனால் கீசர் நுழைவாயிலில் உள்ள திரும்ப விடாத வால்வைத் தாண்டி அது போகாது. அரை நிமிடம் பிடித்து விடுவதை நான்கைந்து முறை செய்ய வேண்டியிருக்கும். கை நனையும், சட்டையும் நனையும். தொட்டி காலியாகும்போதெல்லாம் இந்தத் தொல்லை திரும்பினால் பைப் போன வழியே தவறு. அந்த மேட்டில் ஒரு காற்றுப் பைப் வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

பைப்பே காரணம் என்றால்

வால்வு சரி, காற்று இல்லை, ஆனாலும் வரவில்லை என்றால் பைப்பைச் சந்தேகிக்கலாம். பழைய வீடுகளில் ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்) உள்ளே துருப்பிடித்துச் சுருங்கிவிடும். யூனியன் இருக்கும் இடத்தில் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் பார்க்காமலே சொல்லலாம். துருப்பிடித்த பைப்பைத் தட்டி, ஆசிட் ஊற்றிச் சரிசெய்யும் வேலை வேண்டாம். சுவரை உடைக்க மனமில்லை என்றால் பழையதை அப்படியே விட்டுவிட்டு வெளிச்சுவரில் புதிய லைன் இறக்கிவிடலாம்.

புது வீட்டிலும் பைப் காரணமாகலாம். தொட்டியிலிருந்தே முக்கால் இஞ்ச், பாத்ரூம் வாசலிலிருந்து அரை இஞ்ச் என்று மிச்சம் பிடித்திருப்பார்கள். ஒரே அளவு தண்ணீர் ஓடும்போது முக்கால் இஞ்ச் பைப்பைவிட அரை இஞ்ச் பைப்பில் உராய்வால் போகும் அழுத்தம் ஏறக்குறைய ஏழு மடங்கு. நமக்குக் கிடைப்பதே கால் கிலோ. மேல் மாடிக்குத் தொட்டியிலிருந்து தனி லைன், குறைந்தது ஒரு இஞ்ச், குழாய்க்குப் பக்கத்தில் வந்த பிறகே அரை இஞ்ச். வளைவுகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் இந்தப் பத்தியை மேஸ்திரிக்குக் காட்டுங்கள்.

தொட்டியை உயர்த்தலாமா?

எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை இது. எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டபின் விட்டுவிட்டேன். எட்டரை அடியில் இருப்பதை ஐந்தடி உயர்த்தினால் பதின்மூன்றரை அடி. அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. ஆனால் வரத்து அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் கூடும் என்பதால், தண்ணீர் கால் பங்குதான் அதிகம் வரும். இரண்டு நிமிட வாளி ஒரு நிமிடம் முப்பத்தைந்து நொடியாகும். அதற்காக 1000 லிட்டரை, அதாவது ஒரு டன் எடையை, கம்பிகள் மேல் தூக்கி வைக்க வேண்டும். கால்கள் நிற்பது தூணுக்கோ சுவருக்கோ நேர் மேலே இருக்க வேண்டும், கூரை நடுவில் வைக்கக் கூடாது. பொறியாளரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பம்ப் எப்போது?

அடைப்பு எல்லாம் நீக்கி, பைப் அளவும் சரியாக இருந்து, அப்படியும் மேல் மாடியில் ஷவரில் நன்றாகக் குளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் பிரஷர் பம்ப் வாங்கலாம். ஒன்றிரண்டு பாத்ரூமுக்கு அரை எச்.பி. போதும். அதை மொட்டை மாடியில் தொட்டி வாய்க்குப் பக்கத்தில், வெயிலும் மழையும் படாமல் வைக்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு மாற்று வழியும் அதில் தண்ணீரைத் திரும்பிப் போக விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடச் சொல்லுங்கள். கரண்ட் போனால் தண்ணீர் அந்த வழியாகத் தானே இறங்கும். பம்ப்புக்குப் பிறகு வரும் லைனில் திறந்த காற்றுப் பைப் இருந்தால் அதை மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மொட்டை மாடியில் நீரூற்றாகக் கொட்டும். பழைய ஜி.ஐ. பைப் வீட்டில் பம்ப் போட்டால் இத்தனை நாள் கசியாத இணைப்பெல்லாம் சுவருக்குள் கசிய ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. குழாயைத் திறந்ததும் தானே ஓடும் பம்ப்புகளுக்கு, ஓட ஆரம்பிக்கவே கொஞ்சம் தண்ணீர் ஓட்டம் தேவை. தகடு விழுந்த வால்வை வைத்துக்கொண்டு நான் அந்தப் பதினைந்தாயிரத்தைச் செலவழித்திருந்தால், பம்ப் திணறித் திணறி நின்றிருக்கும்.

தெருக் குடிநீர் லைனில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கும் வேலை மட்டும் வேண்டாம். சட்டப்படித் தவறு என்பது ஒரு பக்கம். உறிஞ்சும்போது பைப்பின் ஓட்டைகள் வழியே சாக்கடையும் உள்ளே வரும், அது உங்கள் வீட்டுச் செம்புக்குத்தான் வரும். மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர் வழங்கல் கையேடு, தெரு இணைப்பில் தரைத்தள வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12, மூன்று தளத்துக்கு 17 மீட்டர் அழுத்தம் இருக்க வேண்டும் என்றது. நம் தெருக்களில் அது எந்த அளவில் வருகிறது என்பது குடம் வைத்துக் காத்திருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் சம்ப்பு கட்டி, அங்கிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிறோம். சம்ப்புக்கே வருவது குறைந்தால் மீட்டருக்கு முன்னால் உள்ள வலையையும் மிதவை வால்வையும் பாருங்கள். பக்கத்து வீட்டிலும் குறைவு என்றால் புகார் கொடுப்பது தவிர வழியில்லை.

கசிவு சந்தேகம் இருந்தால் இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியின் உள்பக்கம் நீர்மட்டத்தில் கரிக்கோடு போட்டு, காலையில் பாருங்கள். இறங்கியிருந்தால் முதலில் கழிப்பறைத் தொட்டிகளைச் சந்தேகியுங்கள்.

வேலை முடிந்த பிறகு

வால்வோ பைப்போ மாற்றினால் அறுத்த தூளும் உப்புத் துண்டும் கண்டிப்பாக லைனில் இறங்கும். அதனால் வால்வைத் திறப்பதற்கு முன் அந்த லைனில் உள்ள எல்லா ஏரேட்டரையும் ஷவர் தலையையும் கழற்றி வையுங்கள். கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மூடி வையுங்கள். ஒவ்வொரு குழாயாகத் திறந்து இரண்டு மூன்று வாளி ஓடட்டும். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். தெளிந்து வந்ததும் கழற்றியதையெல்லாம் மாட்டி, மறுபடி வாளி வைத்து அளந்து, பழைய தாளிலேயே பக்கத்தில் எழுதுங்கள்.

எங்கள் மாடி பாத்ரூமில் ஏழு நிமிடம் ஒரு நிமிடம் ஐம்பது நொடியாக இறங்கியது. மறுநாள் காலையில் அந்தப் பெண் மறுபடி இறங்கி வந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "அண்ணா, வாஷ்பேசின்ல கை கழுவுனா சுடிதார் வரைக்கும் தெறிக்குது" என்றார். ஏரேட்டர் என் சட்டைப் பையில் இருந்தது.